நிலத்தை விற்கும் முன் இரண்டு எண்களைக் கேளுங்கள்

போன ஆடி மாதம் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா என் மருந்துக்கடைக்கு வந்தார். கையில் ஜவுளிக்கடைப் பை. அதற்குள் நான்கு ரத்தப் பரிசோதனைத் தாள்கள், ஒரு ஸ்கேன் உறை, பாதி காலியான கீழாநெல்லிச் சாற்றுப் பாட்டில். கணவர் கடைப்படியில் உட்கார்ந்திருந்தார். கண் மஞ்சளைத் தாண்டிக் காவி நிறத்துக்குப் போயிருந்தது. வீங்கிய காலில் நுழையாததால் செருப்பைக் கையில் பிடித்திருந்தார்.

"அண்ணா, பெரிய ஆஸ்பத்திரியில் உடனே சேர்க்கச் சொல்கிறார்கள். கொழுந்தன் பெங்களூரிலிருந்து போன் செய்து, ஸ்டெம் செல் ஊசி போட்டால் கல்லீரல் புதிதாக முளைக்கும், ஏழு லட்சம் ஆகும் என்கிறான். மாமியார் நாட்டு வைத்தியரிடம் போகலாம் என்கிறார். முக்கால் ஏக்கர் இருக்கிறது. விற்றுவிடட்டுமா?"

தருமபுரியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கிறேன். கல்லீரல் கெட்டவரின் வீட்டிலிருந்து வருகிறவர்கள் ஏறக்குறைய இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஏக்கர் கணக்கு மட்டும் மாறும். நான் மருத்துவர் இல்லை. மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவன், எந்த வீட்டில் எது எத்தனை மாதம் ஓடியது என்று பார்த்தவன், அவ்வளவுதான். இந்தக் கட்டுரையை வைத்து யாரும் தானாக மாத்திரை வாங்க வேண்டாம். மருத்துவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் போதும்.

## முதலில், எந்தப் படி?

குடியால் கல்லீரல் மூன்று படியாகக் கெடுகிறது. முதல் படியில் கொழுப்பு படிகிறது. வலி இருக்காது, ஸ்கேனில்தான் தெரியும். குடியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே பெரும்பாலும் திரும்பிவிடும். இந்தப் படியில் யாரும் என் கடைக்கு வருவதில்லை என்பதுதான் வேதனை.

கடைசிப் படி சிரோசிஸ், ஊர்ப்பேச்சில் 'கல்லீரல் சுருங்கிவிட்டது'. வயிற்றில் நீர் கோக்கும், ரத்த வாந்தி வரலாம், புத்தி மயங்கலாம். ஆனால் சுருங்கியதெல்லாம் முடிந்துபோனது அல்ல. நீர் கோத்தவர்களிலேயே, குடியை அடியோடு விட்டபின் ஓரிரு ஆண்டுகளில் நீர் மாத்திரையைக் குறைக்கும் அளவுக்குத் தேறியவர்கள் உண்டு.

இரண்டுக்கும் நடுவில், சில சமயம் சிரோசிஸின் மேலேயே ஏறி உட்கார்ந்து வருவது குடிக் கல்லீரல் அழற்சி. சில வாரங்களில் காமாலை வேகமாக ஏறும். அந்த அம்மாவின் கணவருக்கு வந்தது இதுதான். புதுச் சிகிச்சை என்று விளம்பரம் ஆவதில் பெரும்பகுதி இந்தப் படியைச் சுற்றியே நடக்கிறது. வீடு பதறுவதும், நிலம் விலைக்குப் போவதும் இங்கேதான்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவு, நோயின் கடுமை. இதற்கு ஓர் எண் இருக்கிறது, பெயர் மேட்ரே மதிப்பெண். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைப் பரிசோதனைத் தாளில் 'பி.டி.' என்ற வரியில் போட்டிருப்பார்கள்; பக்கத்திலேயே இயல்பான அளவும் இருக்கும். நோயாளியின் நேரத்திலிருந்து இயல்பைக் கழித்து, வந்ததை 4.6-ஆல் பெருக்கி, அதோடு காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் எண்ணைக் கூட்ட வேண்டும். அந்த அம்மாவின் தாளில் பி.டி. 21 நொடி, இயல்பு 13, பிலிருபின் 14.2. வித்தியாசம் 8. எட்டை 4.6-ஆல் பெருக்க 36.8. பிலிருபினைக் கூட்டினால் 51. இந்த எண் 32-ஐத் தொட்டாலே கடுமை என்று கணக்கு.

இரண்டாவது, நாள். கடுமையான அழற்சியில் ஒவ்வொரு வாரமும் கணக்கு. 'ஒரு மாதம் இதைச் சாப்பிட்டுப் பார்க்கலாம்' என்று சொல்ல அவகாசம் கிடையாது.

மூன்றாவது, மனிதர்களிடம் செய்த ஆய்வு. எலிக்குச் சரியானது, பக்கத்து ஊர்க்காரருக்குச் சரியானது என்பதெல்லாம் இதில் சேராது.

நான்காவது, மொத்தச் செலவு. ரசீதில் வருவது பாதிதான். கூட இருப்பவரின் கூலி, பஸ், சாப்பாடு, ஆறு மாதம் கழித்தும் ஓடும் மாத்திரை, வீட்டில் கறக்க ஆளில்லாமல் விற்ற மாடு என்று மீதி எந்த ரசீதிலும் வராது.

ஐந்தாவது, யாரும் கேட்கத் துணியாதது: அவர் மறுபடி குடித்தால் இந்தச் சிகிச்சை என்ன ஆகும்?

| வழி | யாருக்கு | ஆய்வு சொல்வது | கண்ணுக்குத் தெரியாத செலவு | மறுபடி குடித்தால் |
|---|---|---|---|---|
| குடி நிறுத்தும் சிகிச்சை, சத்துணவு | எல்லாப் படிக்கும் | நீண்ட நாள் ஆயுளுக்கு இதுவே வலுவானது | ஓராண்டுக்குக் குறையாத கவனிப்பு | திரும்பத் தொடங்கலாம், வாசல் மூடாது |
| ஸ்டீராய்டு | கடுமையான அழற்சி, தொற்று இல்லாதவர் | முதல் மாதத்துக்குச் சிறிய பலன் | தொற்று, சர்க்கரை ஏற்றம் | கிடைத்த மாதமும் வீண் |
| மல நுண்ணுயிர் மாற்று போன்ற புதியவை | ஸ்டீராய்டு ஏற்காதவர், ஆய்வு மையத்தில் | நம்பிக்கை தருகிறது, இன்னும் உறுதியாகவில்லை | தூரம், தங்கல் | பலன் நிற்காது |
| மாற்றுக் கல்லீரல் | மருந்து தோற்றவர், முற்றிய சிரோசிஸ் | உயிர்காப்பதில் மிக வலுவானது | ஆயுள் முழுக்க மருந்து, கொடையாளியின் உடல் | புதியதும் கெடும் |
| நாட்டு மருந்து | கடுமையான அழற்சியில் யாருக்கும் இல்லை | பலன் நிரூபணம் ஆகவில்லை | போன நாள் | பேச இடமில்லை |

## குடியை நிறுத்தும் சிகிச்சையும் சாப்பாடும்

இதைச் சிகிச்சை என்றே நம் வீடுகளில் எண்ணுவதில்லை. 'அவன் நினைத்தால் விட்டுவிடுவான்' என்பார்கள். கோயிலில் கயிறு கட்டிக்கொள்வார்கள். கயிற்றை நான் குறை சொல்லமாட்டேன், அது பிடித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தினமும் காலையிலேயே குவார்ட்டர் தேடுகிறவர் கயிறு கட்டிய அன்றே சட்டென்று நிறுத்தினால், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாத பூச்சியைப் பிடிக்கிற மாதிரிச் சித்தப்பிரமை வரலாம். அதில் உயிரும் போகும். அறையில் பூட்டிவைப்பது வைத்தியம் இல்லை. நிறுத்துவதை மருத்துவமனையில் வைத்துத்தான் செய்ய வேண்டும். அங்கே தயாமின் (பி1 வைட்டமின்) ஊசி போட்டு, கல்லீரலுக்கு ஏற்ற அமைதி மருந்தைச் சில நாள் கொடுத்துக் குறைத்துக்கொண்டே வருவார்கள்.

நிறுத்திய பின் ஆசையை அடக்க மாத்திரைகள் உண்டு. கல்லீரல் கெட்டவருக்கு எல்லாம் பொருந்தாது. பேக்லோஃபென் பெரும்பகுதி சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. சிரோசிஸ் உள்ளவர்களிடமே சோதித்துப் பார்த்த மருந்து இது. இத்தாலியில் 84 பேரிடம் செய்து 2007-இல் வெளியான ஆய்வில், இந்த மாத்திரை எடுத்தவர்களில் 71 விழுக்காட்டினர் குடிக்காமல் இருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 29 விழுக்காட்டினர். குறை என்னவென்றால் தூக்கம் வரும். கல்லீரல் மயக்கம் ஏற்கெனவே எட்டிப்பார்த்தவருக்கு, மயக்கம் நோயாலா மருந்தாலா என்று தெரியாமல் போகும். சிறுநீரகம் பழுதானவருக்கும் ஆகாது. அகாம்ப்ரோசேட் கல்லீரலைத் தொடாது, ஆனால் வழக்கமான அளவு நாளுக்கு ஆறு மாத்திரை. மூன்றாம் வாரத்தில் 'மறந்துவிட்டார்' என்று பாதி அட்டையோடு வருவார்கள். எடை குறைக்கும் ஊசியான செமாகுளூடைட் குடி ஆசையையும் குறைக்கிறது என்று 2025-இல் 48 பேரிடம் செய்த சிறிய ஆய்வு காட்டியது. சதை கரைந்து எலும்பு தெரியும் சிரோசிஸ் நோயாளிக்குப் பசியை அடக்கும் ஊசியை யோசிக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

கடைக்காரனாக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 'அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்க மாத்திரை கொடுங்கள்' என்று மாதம் இரண்டு பேராவது கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது டைசல்ஃபிராம். அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து ஆள் சாயலாம். தெரியாமல் கொடுப்பது உயிரோடு விளையாடுவது. கல்லீரல் கெட்டவருக்கு அந்த மாத்திரையே கல்லீரலைக் கெடுக்கும். எவ்வளவு கெஞ்சினாலும் நான் கொடுப்பதில்லை.

இனிச் சாப்பாடு. காமாலை என்றதும் பத்தியம் என்று மோரும் சோறும் மட்டும் கொடுத்து ஆளை இளைக்கவிடுவது நம் பக்கத்துப் பழக்கம். ஆய்வு நேர்மாறாகச் சொல்கிறது. கடுமையான அழற்சி உள்ள 136 பேரிடம் செய்து 2016-இல் வெளியானது அது. எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 21.5 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 65.8 விழுக்காடு, அதற்கு மேல் சாப்பிட்டவர்களில் 33.1 விழுக்காடு. சாப்பிட முடியாத அளவுக்கு நோய் முற்றியவர்கள் முதல் கூட்டத்தில் அதிகம் இருந்திருக்கலாம் என்பது உண்மை. அப்படியே வைத்துக்கொண்டாலும் பட்டினி போடுவதற்கு அதில் ஒரு நியாயமும் கிடைக்காது.

60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 72 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். இதற்குப் பவுடர் டப்பா தேவையில்லை. 200 கிராம் கேழ்வரகு மாவில் களி கிண்டினால் 14 கிராம், 50 கிராம் கொள்ளில் 11, மூன்று நாமக்கல் முட்டையில் 18, அரை லிட்டர் பாலில் 16, ஒரு கை நிலக்கடலையில் 12. கூட்டினால் 71. ஒரு கரண்டி பருப்பு சேர்ந்தால் கணக்கு நிறைந்துவிடும். இரவு படுக்கும் முன் ஏதாவது சாப்பிட வேண்டும், கேழ்வரகுக் கஞ்சியே போதும். கல்லீரல் கெட்ட உடம்பு இரவுப் பட்டினியில் தன் சதையைத் தின்னத் தொடங்கும். நீர் கோத்தவருக்கு உப்பைக் குறைக்க வேண்டும், அதாவது களிக்குத் தொட்டுக்கொள்ளும் கருவாட்டுக் குழம்பையும் ஊறுகாயையும் விட வேண்டும். எங்கள் ஊரில் குடியை விடுவதைக் காட்டிலும் இது கடினம் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வழியின் மறைந்த செலவு பணம் இல்லை, ஆள். மாத்திரையை எடுத்துக் கையில் வைத்துக் கொடுக்க, மாதா மாதம் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக, சம்பள நாளன்று கூடவே இருக்க ஒருவர் வேண்டும்.

## ஸ்டீராய்டு

மேட்ரே 32-க்கு மேல் போனால் முதலில் வருவது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, நாளுக்கு 40 மில்லிகிராம், 28 நாள். பத்து மில்லிகிராம் மாத்திரையாகக் கணக்கிட்டால் மொத்தம் 112. ஒரு நாள் கூலியில் அடங்கிவிடும் செலவு. விலை மலிவு என்பதாலேயே இதைச் சந்தேகப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பலன் எவ்வளவு? பிரிட்டனில் 1,103 பேரிடம் செய்து 2015-இல் வெளியான ஆய்வில், 28 நாளில் இறந்தவர்கள் வெற்று மாத்திரைக் குழுவில் 17 விழுக்காடு, ஸ்டீராய்டுக் குழுவில் 14. தற்செயல் என்று தள்ளவும் முடியாத, உறுதி என்று கொள்ளவும் முடியாத வித்தியாசம். மூன்று மாதத்தில் அந்த வித்தியாசமும் மறைந்துவிட்டது. கடுமையான தொற்று 7-லிருந்து 13 விழுக்காடாக ஏறியது. இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் எதற்கு?' என்று கேட்கலாம். அந்த முதல் மாதத்தைத் தாண்டுவதற்குத்தான். தாண்டியபின் ஆயுளைத் தீர்மானிப்பது குடித்தாரா இல்லையா என்பது.

கூடவே என்-அசிட்டைல்சிஸ்டின் சேர்த்து ஐந்து நாள் ரத்தநாளத்தில் ஏற்றுவது உண்டு. 174 பேரிடம் செய்த பிரெஞ்சு ஆய்வு 2011-இல் வந்தது. ஒரு மாத இறப்பு 24 விழுக்காட்டிலிருந்து 8-க்கு இறங்கியது, ஆறு மாதத்தில் உறுதியான வித்தியாசம் இல்லை. பழைய மருந்து, பெரிய விலையும் இல்லை. மருத்துவரிடம் கேட்கத் தகுந்த கேள்வி இது.

காசநோய், வயிற்று நீரில் தொற்று, ரத்த வாந்தி, சிறுநீரகம் மோசமானது என இவற்றில் ஏதாவது இருந்தால் ஸ்டீராய்டு முதலிலேயே ஆகாது. அதனால்தான் சேர்த்த முதல் நாளே மருந்து தராமல் நெஞ்சுப் படமும் நீர்ச் சோதனையும் எடுக்கிறார்கள். 'இரண்டு நாளாகச் சும்மா வைத்திருக்கிறார்கள்' என்று கோபித்துக்கொண்டு ஆளைத் தூக்கிப்போகிற வீடுகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி இரண்டாவது எண். ஸ்டீராய்டு தொடங்கி ஏழாம் நாள் மறுபடி ரத்தம் எடுத்து லில் மதிப்பெண் போடுவார்கள். வயது, அல்புமின் என்ற ரத்தப் புரதம், சிறுநீரக அளவு, பி.டி., ஏழு நாளில் பிலிருபின் எவ்வளவு இறங்கியது ஆகியவற்றைச் சேர்த்த கணக்கு. கணினியில்தான் போட முடியும். 0.45-க்குள் இருந்தால் மருந்து பிடிக்கிறது, தொடரலாம். அதற்கு மேல் போனால் பிடிக்கவில்லை. பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள், ஏனென்றால் அதன்பின் மிஞ்சுவது தொற்று ஆபத்துதான். அடுத்த வழியைத் தேட வேண்டிய நாள் அந்த ஏழாம் நாள். அதற்கு முன்னால் நிலத்தை விற்றவர்கள் எதற்கு விற்றோம் என்று தெரியாமலே விற்றவர்கள்.

## புதியவை

மல நுண்ணுயிர் மாற்று என்றால் முகம் சுளிப்பார்கள். சோதிக்கப்பட்ட நலமான ஒருவரின் மலத்திலிருந்து நுண்ணுயிர்களைப் பிரித்து, மூக்கு வழிக் குழாயில் சிறுகுடலுக்குச் செலுத்துவது. குடி குடலின் நுண்ணுயிர்க் கூட்டத்தையும் கெடுத்து, நஞ்சைக் கல்லீரலுக்கு அனுப்புகிறது என்பதுதான் இதன் அடிப்படை. இதில் நம் நாடு முன்னால் நிற்கிறது. தில்லியின் கல்லீரல், பித்த அறிவியல் கழகம் ஸ்டீராய்டு தர முடியாத எட்டுப் பேரிடம் செய்து 2017-இல் வெளியிட்டது. ஓராண்டில் அவர்களில் ஏழு பேர் உயிரோடு இருந்தார்கள். பிறகு அங்கேயே 120 பேரை இரண்டாகப் பிரித்து ஸ்டீராய்டோடு ஒப்பிட்டார்கள். 90 நாளில் பிழைத்திருந்தவர்கள் நுண்ணுயிர் மாற்றில் 75 விழுக்காடு, ஸ்டீராய்டில் 57. நல்ல செய்திதான். ஆனால் ஒரே மையத்தின் ஆய்வு. கொடையாளியைச் சரியாகச் சோதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு: 2019-இல் அமெரிக்காவில் மருந்துக்கு அடங்காத கிருமி இப்படி உள்ளே போய் ஒருவர் இறந்தார். ஆய்வாகப் பதிவு செய்து, நெறிமுறைக் குழு பார்வையில் செய்கிற இடம் என்றால் போகலாம். ஸ்டீராய்டு தோற்று, மாற்றுக் கல்லீரலுக்கும் வழியில்லாதவருக்கு இதை நான் முதலில் வைப்பேன்.

ஜி-சிஎஸ்எஃப் என்பது புற்றுநோயாளிகளுக்கு வெள்ளணு ஏற்றப் போடும் ஊசி. சண்டிகரில் 46 பேரிடம் செய்து 2014-இல் வெளியான ஆய்வில் 90 நாளில் பிழைத்தவர்கள் 78 விழுக்காடு, ஊசி இல்லாதவர்களில் 30. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஜெர்மனியில், கல்லீரல் திடீரென்று செயலிழந்த 176 பேரிடம் செய்து 2021-இல் வெளியான ஆய்வில் பலனே தெரியவில்லை, அதைப் பாதியில் நிறுத்தியிருந்தார்கள். ஏன் இந்த முரண் என்று இன்னும் வாதம் நடக்கிறது. வாதம் முடியாத ஊசிக்குக் கடன் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

கொழுந்தன் சொன்ன ஸ்டெம் செல்லுக்கு வருவோம். பிரிட்டனில் சிரோசிஸ் உள்ள 81 பேரிடம் செய்த ஆய்வு 2018-இல் வந்தது, கல்லீரல் தேறவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல், ஒப்புதல் பெற்ற சில ரத்த நோய்கள் போன்றவற்றைத் தவிர ஸ்டெம் செல்லை ஆய்வாக மட்டுமே செய்யலாம் என்கிறது. ஆய்வு என்றால் நோயாளியிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது. ஏழு லட்சம் கேட்கிறார்கள் என்பதே பதில்.

நேர்மைக்காக இன்னொன்று. மூட்டு நோய்க்குப் போடும் அனாகின்ராவைத் துத்தநாகத்தோடு கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் 90 நாளில் 70 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். பழைய ஸ்டீராய்டில் 90. புதியது என்பதாலேயே ஒன்று மேலானது ஆகிவிடாது.

## மாற்றுக் கல்லீரல்

முன்பு எல்லா இடத்திலும் 'ஆறு மாதம் குடிக்காமல் இருந்து வா' என்றார்கள். கடுமையான அழற்சியில் ஸ்டீராய்டு தோற்றவர் ஆறு மாதம் இருக்கமாட்டார் என்பதுதான் சிக்கல். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் 26 பேரைத் தேர்ந்தெடுத்துக் காத்திருக்காமலே செய்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் பிழைத்தவர்கள் 77 விழுக்காடு, செய்யாதவர்களில் 23. 26 பேரில் மூன்று பேர் பிறகு குடித்தார்கள். இன்று பல மையங்கள் மாதக் கணக்கை விட்டுவிட்டு, முதல்முறையாக வந்த கல்லீரல் நோயா, வீட்டில் பிடித்துவைக்க ஆள் இருக்கிறதா, நோயை நோயாளியே ஒப்புக்கொள்கிறாரா என்று மனநல மருத்துவரோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

தனியாரில் 20 லட்சத்துக்கு மேல் போகும். சென்னை ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையிலும் செய்கிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. அதன்பின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து ஆயுள் முழுக்க. நம் ஊரில் ரத்த அளவு பார்க்கவும், காய்ச்சல் என்றால் ஓடவும் பெரிய ஊர்தான் கதி.

செலவுப் பட்டியலில் எவரும் எழுதாத ஒரு வரி கொடையாளி. மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரலுக்குத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிந்து காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாவிட்டால் வீட்டில் ஒருவர் பாதியைக் கொடுக்க வேண்டும். கல்லீரல் வளர்ந்துகொள்ளும் என்பது உண்மை. வலது மடலைக் கொடுப்பவரில் 200-இல் ஒருவர் வரை உயிரிழக்கும் ஆபத்து இருக்கிறது என்பதும் உண்மை. நம் நாட்டில் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், பெறுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். குடித்தவர் அவர், வயிற்றைக் கீறிக்கொள்பவர் மனைவி. 'மறுத்தால் ஊர் என்ன சொல்லும்' என்பதற்காக யாரும் ஒப்புக்கொள்ள வேண்டாம். கொடையாளியைத் தனியே உட்காரவைத்துக் கேட்பது மருத்துவமனையின் கடமை. அங்கே 'வேண்டாம்' என்று சொல்லலாம்.

## கீழாநெல்லி

இதை ஏளனம் செய்ய எனக்கு மனம் வராது, என் பாட்டி அரைத்துக் கொடுத்து வளர்ந்தவன். 1988-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கீழாநெல்லி கொடுத்த மஞ்சள் காமாலை பி-வகைக் கிருமியாளர்களில் 59 விழுக்காட்டினரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று எழுதினார்கள், உலகமே பார்த்தது. பிறகு மற்றவர்கள் செய்தபோது அது திரும்ப வரவில்லை. அதுவும் கிருமிக் காமாலை. இது குடிக் காமாலை. வேர் வேறு. சாதாரணக் கிருமிக் காமாலை பல வாரத்தில் தானே இறங்கும், பெயர் கீழாநெல்லிக்குப் போகும். குடிக் காமாலை அப்படி இறங்காது.

இன்னொரு எச்சரிக்கை சீந்தில் கொடி. அதைத் தொடர்ந்து குடித்தவர்களுக்குக் கல்லீரல் காயம் வந்ததை 2021-இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. சண்டை எப்படி முடிந்தாலும், ஏற்கெனவே 51 மதிப்பெண்ணில் இருக்கிற கல்லீரலை அதற்குச் சோதனைக்கூடமாக்க வேண்டாம்.

## எந்த ஊருக்கு?

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், 2022-இல் திறந்த கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியிலும் சேர்த்து, மேட்ரே போட்டு, ஸ்டீராய்டு தொடங்க முடியும். மனநலப் பிரிவும் உண்டு. முதல் ஏழு நாளுக்கு இதைத் தாண்டிப் போகத் தேவையே பெரும்பாலும் வராது. ரத்த வாந்திக்கு உள்நோக்கிக் கருவியால் கட்டுப்போட வேண்டி வந்தால் சேலம் அரசு மருத்துவமனை, தருமபுரியிலிருந்து ஏறக்குறைய 65 கிலோமீட்டர். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தவருக்குப் பெங்களூரு கைக்கெட்டும் தூரம், குடி நிறுத்தத்துக்கு அங்குள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை பேர்பெற்றது. ஆனால் தமிழகக் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். லில் 0.45-ஐத் தாண்டினால் வேலூர் அல்லது சென்னை, அதுவும் பரிந்துரைச் சீட்டோடு. 104-இல் ஆலோசனை கிடைக்கும். குடியைப் பற்றித் தனியே பேச 14446. கறுப்பாக மலம் போவது, புத்தி தடுமாறுவது, சிறுநீர் குறைவது, காய்ச்சல் என எதைக் கண்டாலும் 108 தான், என் கடை இல்லை.

வீடு திரும்பியபின் இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கின்றன. ஒன்று, கல்லீரல் மயக்கம் வராமலிருக்கத் தரும் லாக்டுலோஸ் சிரப்பை 'பேதியாகிறது' என்று நிறுத்துவது. நாளுக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போக வேண்டும் என்பதற்காகத்தான் அது தரப்படுகிறது. நிறுத்திய மூன்றாம் நாள் மயக்கத்தோடு தூக்கி வருவார்கள். மற்றொன்று, கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் கேட்பது. அது சிறுநீரகத்தை முடித்துவிடும். சிரோசிஸ்காரருக்கு வலி மாத்திரை கேட்டு வந்தால் சீட்டு இல்லாமல் நான் எடுப்பதில்லை.

அந்த அம்மாவிடம் அன்று இவ்வளவும் சொல்லவில்லை. தாளின் பின்பக்கத்தில் 51 என்று எழுதி, அதன் கீழே 'ஏழாம் நாள்' என்று எழுதிக் கோடு போட்டு, அதற்குப் பக்கத்தில் வரும் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அதுவரை கொழுந்தனுக்குப் பதில் சொல்லாதீர்கள் என்றேன். ஒன்பதாம் நாள் முட்டை வாங்கிக்கொண்டு போகிற வழியில் கடை முன் நின்றார். பிலிருபின் 9.8-க்கு இறங்கியிருந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் மருத்துவர் கையெழுத்தில் 0.16. 'களி கொடுக்கலாமா, அண்ணா?' என்று கேட்டார். கொடுக்கலாம், கருவாடு இல்லாமல் என்றேன்.